அலியா டைசனா: என் சீட்டில் நான் எழுதிய வருடம்

எங்கள் பாக்ஸிங் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் டீ குடித்தபடி ஏதாவது ஒரு கற்பனைச் சண்டையை உருட்டுவது வழக்கம். போன வாரம் உருண்டது உலகமே உருட்டித் தேய்த்த அதே சண்டை, முகமது அலியா மைக் டைசனா. குரல் ஏறிக்கொண்டே போனதும் மாஸ்டர் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். யார் ஜெயிப்பார், எந்த வருடத்து ஆள், ரெண்டையும் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், தோற்ற கட்சி பிரியாணி வாங்க வேண்டும். தோற்றது யார் என்று எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டைசன் கட்சி முழுக்க 1988 என்று எழுதியிருந்தது. அலி கட்சி 1966 அல்லது 67. நான் மட்டும் ‘அலி, 1974’. சீட்டைப் பிரித்ததும் ரெண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தார்கள், காரணம் சொல்ல வாய் திறக்க விடவில்லை. அதனால்தான் இந்த அலசல்.

வருடம் ஏன் முக்கியம் என்றால், என் மாமா ஒருவர் 1980ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது நேரில் பார்த்தவர். இன்றைக்கும் “அலியைப் பார்த்தவன்டா நான்” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். ஆனால் அவர் பார்த்தது 38 வயது அலி. அந்த அக்டோபரிலேயே லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்து உட்கார வைத்தார். அடுத்த வருடம் டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்று அலி கையுறையைக் கழற்றினார். அதே பெர்பிக்கை 1986 நவம்பரில் இரண்டாம் ரவுண்டில் சாய்த்துத்தான் டைசன் இருபது வயதில் சாம்பியன் ஆனார், அதே ஹோம்ஸை 1988 ஜனவரியில் நாலாவது ரவுண்டில் முடித்தார். இதை வைத்து “அலியை அடிச்சவங்களை டைசன் அடிச்சாச்சு, அப்புறம் என்ன?” என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு அன்றைக்கு டீ நான் வாங்கித் தரவில்லை.

இந்த மாதிரிக் கற்பனைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1969ல் அலியையும் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் ரிங்கில் இறக்கி, விதவிதமான முடிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்புப்படி வெட்டி ஒட்டி 1970 ஜனவரியில் தியேட்டர்களில் போட்டார்கள். அமெரிக்காவில் ஓடிய பிரதியில் 13ஆவது ரவுண்டில் அலியை மார்சியானோ நாக்அவுட் செய்வார். படம் வருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். கம்ப்யூட்டரின் கணக்கே அந்த லட்சணம், எங்கள் டீக்கடை எந்த மூலை.

சரி, உருவ அளவுகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. கை எட்டும் தூரம் அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். அடியின் பலம் டைசனுக்கு, நீளம் அலிக்கு, வேகத்தில் இரண்டு பேரும் ஹெவிவெயிட் மாதிரியே இருக்க மாட்டார்கள். இதிலெல்லாம் சண்டை போட ஒன்றுமில்லை.

1988 டைசன் யாரென்று குறைத்துச் சொல்லவும் மாட்டேன். அந்த ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில், அதுவரை தோல்வியே தெரியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 விநாடி நின்றார். டைசனின் குரு கஸ் டமாட்டோ சொல்லிக் கொடுத்த பாணி, ரெண்டு கையுறையும் கன்னத்தில் ஒட்டி, தலை பெண்டுலம் மாதிரி இடமும் வலமும் ஆடி, எதிராளி ஜாப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) போட்டுக் கையை இழுப்பதற்குள் டைசன் உள்ளே வந்திருப்பார். வலது கை விலாவில் ஒன்று, அதே வலது கை கீழிருந்து மோவாயில் அப்பர்கட். விலா வலித்து முழங்கை இறங்கும் அந்த நொடிக்காகவே செய்து வைத்த ஜோடி. அதைத் தனியாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பயமாக இருக்கும்.

இப்போது 1966 அலி. எல்லோரும் அவரை எடுக்கக் காரணம் ஒரே வீடியோதான், அந்த நவம்பரில் ஹூஸ்டன் அஸ்ட்ரோடோமில் க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்தது. அழகு, மறுப்பே இல்லை. ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பு போலீஸ்காரர் சுட்டு வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்து வந்தவர் என்பதை அந்த வீடியோவைப் பகிர்பவர்கள் சொல்வதில்லை. அந்தக் கால அலி கையை இடுப்பருகே தொங்கவிட்டு, அடி வந்தால் தலையைப் பின்னால் சாய்த்துத் தப்புவார். நேராக வரும் அடிக்கு அது போதும். தாவி வந்து பக்கவாட்டில் வீசும் இடது ஹூக்குக்கு? 1963ல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர் நாலாவது ரவுண்டு முடியும் நேரத்தில் அப்படி ஒன்றை இறக்கி அலியைக் கயிற்றோரம் உட்கார வைத்தார். 1971ல் ஜோ ஃப்ரேசியர் 15ஆவது ரவுண்டில் அதே அடியில் மல்லாத்தினார். டைசனின் ஹூக் இவர்கள் இருவருடையதையும் விடக் குட்டையானது, கிளம்புவதே தெரியாது. அதோடு 1966 அலியிடம் இளமையான, உள்ளே புகுந்து அடிக்கும் குள்ளமான ஆள் ஒருவரும் சிக்கவில்லை. அவர் கால் டைசனிடமிருந்து காப்பாற்றியிருக்கலாம், பன்னிரண்டு ரவுண்டும் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு உறுதியில்லை. ஹோம்ஸ் அந்த 1988 சண்டையின் நாலாவது ரவுண்டில் திடீரென்று முன்பாதத்தில் எழும்பி, பழைய அலி மாதிரி ஆடி ஜாப் போட்டார், கொஞ்ச நேரம் நன்றாகவே போனது, அப்புறம் ஒரு வலது கை, அந்த ரவுண்டுக்குள் மூன்று முறை தரையில். ஹோம்ஸுக்கு 38 வயது, ஒன்றே முக்கால் வருடம் சண்டையே போடாமல் வந்தவர், அதனால் இதைப் பெரிய ஆதாரமாக டைசன் கட்சி தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனாலும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது அந்த ரவுண்டுதான்.

என் கணக்கு வேறு. இந்தச் சண்டை குத்தில் முடியாது, பிடியில் முடியும்.

கிளிஞ்ச், அதாவது அடிக்க விடாமல் எதிராளியைக் கட்டிப் பிடித்து நிற்பது, என்றால் டிவி பார்க்கிறவர்களுக்கு எரிச்சல், ரிமோட்டைத் தேடுகிற நேரம். நானும் அப்படித்தான் இருந்தேன், நாற்பது வயதில் தொப்பையைக் குறைக்க இந்த வகுப்பில் சேரும் வரை. என்னைவிட அரை அடி உயரமான ஒரு பையனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விட்டார்கள். மாஸ்டர் சொன்னபடி குனிந்து உள்ளே போனேன், போக முடிந்தது, அதுவே பெருமையாக இருந்தது. அடுத்த நொடி அவன் இடது கையுறை என் பிடரியில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அடிக்கவில்லை. கழுத்தைக் கீழே இழுத்து, தன் நெஞ்சை என் தலைமேல் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றான். அவனுடைய ஹெட்கியர் விளிம்பு என் காதை அறுத்தது, கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் ஷூ லேஸ். விலக்கி விட்டார்கள், மறுபடி போனேன், மறுபடி பிடரி. மூன்றாவது முறை எழுந்தபோது தொடை ஆடியது, கை தூக்கினால் தோளில் கல் கட்டியது போல் இருந்தது. “கை போடுறா, உள்ள இருந்தே கை போடு!” என்று மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார். போட முடியவில்லை. ஒரு குத்துகூட சரியாக வாங்காமல் இரண்டு ரவுண்டில் செத்துச் சுண்ணாம்பானேன்.

1974 அலி இதில் பேராசிரியர். மூன்றரை வருடத் தடைக்குப் பிறகு கால் பழையபடி ஓடவில்லை, அதனால் வேறு தொழில் கற்றுக்கொண்டார். அந்த வருடம் அவருக்கு இரண்டே சண்டை. ஜனவரி 28, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஃப்ரேசியரோடு இரண்டாவது மோதல், பன்னிரண்டு ரவுண்டு. இருவரும் மோதிய மூன்று சண்டைகளில் இதைத்தான் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, நான் இந்த ஒரு வாரத்தில் மூன்று முறை பார்த்தேன். அலி ரெண்டு மூன்று குத்து சரமாகப் போடுவார், ஃப்ரேசியர் உள்ளே வருவார், வந்ததும் அலியின் இடது கை பிடரியில் விழும், தலை கீழே போகும், நடுவர் டோனி பெரெஸ் வந்து பிரிப்பார், மறுபடி முதலிலிருந்து. ஃப்ரேசியர் உயரம் 5 அடி 11½, அவரும் குனிந்து ஆடி வருகிறவர், அவருக்கும் உயிர்நாடி இடது ஹூக். அந்த ஹூக்குக்கு இடமே கொடுக்காமல் அலி புள்ளிகளில் ஜெயித்தார். அக்டோபர் 30, கின்ஷாசா, ஜார்ஜ் ஃபோர்மனோடு. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியது. அந்தச் சண்டையைப் போட்டு ஃபோர்மனின் கழுத்தை மட்டும் பாருங்கள். கிட்டே வரும்போதெல்லாம் அலி பிடரியை அழுத்தித் தன் பாரத்தை இறக்குகிறார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்ததற்கு அந்த வெக்கையும் வீணான வீச்சும் எவ்வளவு காரணமோ, அந்தப் பாரமும் அவ்வளவு காரணம்.

டைசனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு கற்பனையே தேவையில்லை. 1990ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாப் போட்டு, பிடித்து, அப்பர்கட் போட்டு பத்தாவது ரவுண்டில் முடித்ததைச் சொன்னால் டைசன் கட்சி உடனே, அது பழைய டைசனே இல்லை, பயிற்சியாளர் கெவின் ரூனியை விரட்டிய பிறகு வந்த டைசன் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். வீங்கிய கண்ணை அழுத்த முறையான இரும்புத் துண்டுகூட இல்லாமல் ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த கார்னர் (ரவுண்டு இடைவெளியில் வீரரைக் கவனிக்கும் ஆட்கள்) அது. டோக்கியோவை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். ரூனி கார்னரில் இருந்த 1987ஐப் பாருங்கள். மார்ச்சில் ‘போன்க்ரஷர்’ ஸ்மித், உயரமானவர், முதல் ரவுண்டில் அடியின் ருசி தெரிந்ததும் பன்னிரண்டு ரவுண்டும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார். டைசன் ஒவ்வொரு பிடியிலும் கையை நிறுத்திவிட்டு நடுவர் வந்து பிரிக்கக் காத்திருந்தார். உள்ளே இருந்தே கை போடவில்லை. புள்ளிகளில் சுலபமாக ஜெயித்தார், ஆனால் கடைசி ரவுண்டில் ஸ்மித் ஒரே ஒரு வலது கை இறக்கியபோது டைசன் ஆடிப் போனார். ஆகஸ்டில் டோனி டக்கர், நீளமான கை, அவரும் அடித்து அடித்துப் பிடித்தார், அதுவும் பன்னிரண்டு ரவுண்டு போனது. ஸ்மித் பிழைப்பதற்காகப் பிடித்தார். அலி அப்படியில்லை, பிடித்து விட்டதும் முகத்தில் மூன்று ஜாப் ஒட்டிவிட்டு மறுபடி பிடிப்பவர்.

இன்னொரு கணக்கு. ஏழாவது ரவுண்டுக்கு மேல் டைசன் நாக்அவுட்டில் ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1986ல் ஹோஸே ரிபால்டாவை பத்தாவதில். அலிக்கு அந்த நேரத்தில்தான் வியாபாரமே சூடு பிடிக்கும்.

என் கட்சியின் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ரேசியர் மெதுவாகச் சூடாகும் ஆள், டைசன் மணி அடித்ததும் பற்றிக்கொள்பவர், முதல் நாலு ரவுண்டில் அலியின் பிடி ஒரு முறை வழுக்கினால் போதும். கின்ஷாசாவில் செய்தது போல் கயிற்றில் சாய்ந்தால் கதை முடிந்தது, ஃபோர்மன் வீசியது அகல அகலமான வீச்சு, டைசனின் அப்பர்கட் ரெண்டு முழங்கைக்கும் நடுவில் புகுந்து வரும். டக்ளஸுக்கும் டக்கருக்கும் கைகொடுத்த அப்பர்கட்டும் அலியிடம் பெரிய ஆயுதம் இல்லை, உடம்பில் குத்தவும் மாட்டார். அப்புறம் அடி தாங்கும் திறன். அலி ஃபோர்மனைத் தாங்கினார், பின்னால் பலமான குத்துக்குப் பேர்போன எர்னி ஷேவர்ஸைத் தாங்கினார், ஆனால் டைசனின் அடி கண்ணுக்குத் தெரியாமல் வருகிற அடி. அதைப் பற்றி நான் பேசுவதெல்லாம் ஹெட்கியருக்குள்ளிருந்து பேசுகிற பேச்சு.

ஆக என் சீட்டுப்படி சண்டை இப்படிப் போகும்: முதல் மூன்று ரவுண்டு டைசனுக்கு, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ அலி ஒரு முறை விழுந்து எழுவார், ஐந்தாவதில் டைசன் பிடிக்குள் நின்று நடுவர் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார், எட்டுக்கு மேல் ஜாப் மட்டும். அலி நாக்அவுட் செய்யமாட்டார், ஆனால் புள்ளிகளில் அலி.

இதையெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. “எல்லாம் சரி, ரெஃப்ரி யாரு?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் ஃப்ரேசியர் சண்டையில் அத்தனை பிடியையும் டோனி பெரெஸ் விட்டுவிட்டார் என்பது ஃப்ரேசியர் தரப்பின் ஆறாத மனக்குறை. ஸ்மித் சண்டையில் நடுவர் மில்ஸ் லேன், அவர் பிடித்ததற்காக ஸ்மித்தின் புள்ளிகளைக் கழித்தார். லேன் இருந்தால் என் அலிக்கு ஆறாவது ரவுண்டுக்குள் ரெண்டு புள்ளி காலி, அதற்குப் பயந்து பிடியை விட்டால் டைசனின் வலது கை. நேர்மையாகச் சொன்னால், லேன் என்றால் நான் 1966க்கு மாறிவிடுவேன், அதுவும் அரை மனதோடு.

புது சீட்டில் நடுவர் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பிரியாணி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.