பதிப்புரிமைப் பட்டறை: முற்பகலுக்காகவே கூப்பிடலாம்

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குப் பதிப்புரிமை பற்றியும் இணையக் களவு பற்றியும் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் பட்டறை நடத்துவதாக இங்குள்ள ஒரு சிறிய பயிற்சிக் குழு பாடசாலைகளுக்கு அறிவித்தல் அனுப்பியிருந்தது. எங்கள் பாடசாலை நூலகம் என் பொறுப்பில் இருப்பதால் நானே ஒழுங்கு செய்தேன். களுவாஞ்சிகுடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒரு பிள்ளைக்கு 600 ரூபா. தேநீரும் மத்தியானச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். "எப்படி டீச்சர், எங்கட பிள்ளைகளுக்கும் வைக்கலாமா?" என்று அக்கம்பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முற்பகலை நடத்தியவர் ஓர் இளைஞர். சட்டம் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளைப் போனோடு வெளியே அனுப்பினார். சிலர் சந்தைப் பக்கம் போனார்கள். பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி தாயின் போனோடு வாவிக்கரையில் நின்றாள். கண்ணாடி வெடித்த போன். வீச்சுவலைக்காரர் ஒருவர் வலை எறிந்துகொண்டிருந்தார். இரண்டு மூன்று வீச்சைத் தவறவிட்டும் அவள் நகரவில்லை. கடைசியில் வலை வட்டமாக விரிந்து, தண்ணீரில் விழுவதற்கு முன் நிற்கிற கணம் அப்படியே அகப்பட்டது.

தேநீர் முடிந்து வந்தபோது திரையில் ஒரு விளம்பரம். "வாவிக்கரை விடுதி, அறைகள் வாடகைக்கு." பின்னணியில் அவளுடைய படம். கீழே, படம் எடுத்தவர் என்று பயிற்றுவிப்பாளரின் பெயர். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவள் எழும்பினாள்.

"சேர், அது என்ட படம்."

"இந்தக் கம்பியூட்டரில கிடந்தது தங்கச்சி, எடுத்தன்."

"வெயிலுக்க நிண்டு எடுத்தது நான்."

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "கேக்காம எடுத்தா களவுதானே கா, சொல்லன்."

"சரி, கேட்டிருந்தாத் தந்திருப்பீங்களா?"

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தந்திருப்பன். என்ட பேரப் போடச் சொல்லியிருப்பன். விடுதிக்கு எண்டா காசும் கேட்டிருப்பன்."

கேட்க வேண்டும், பெயர் போட வேண்டும், வியாபாரம் என்றால் பேச்சு வேறு. அந்த மூன்றையும் அவர் பலகையில் எழுதினார். பிள்ளையின் வாயிலிருந்து வந்தவை. படம் எடுத்த கணத்திலேயே உரிமை அவளுக்கு வந்துவிட்டது, எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை என்பதையும், படைத்தவரே தன் நிபந்தனைகளைச் சொல்லி எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி தருகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் என்றால் என்ன என்பதையும் அதிலிருந்தே விளக்கினார். இவ்வளவு நேர்த்தியாக இந்தப் பாடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

டெலிகிராமில் வரும் சினிமாப் படங்களைப் பற்றிய கேள்விக்கும் அவர் ஏசவில்லை. ஒரு படத்தின் முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். லைட் பிடித்தவர், வாகனம் ஓட்டியவர் வரைக்கும் வாசிக்க வைத்தார். பூட்டை உடைத்துக் களவாகத் தரும் கிராக் மென்பொருளைப் போடுவதற்கு முன், கம்பியூட்டரில் வைரஸைத் தடுக்கும் மென்பொருளை நிறுத்தச் சொல்வது ஏன் என்று கேட்டு, வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறவன் யாராக இருப்பான் என்று பிள்ளைகளையே சொல்ல வைத்தார்.

பிற்பகலுக்கு வேறொருவர் வந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறை என்று திரை திரையாக வாசித்தார். சொன்னவை சரிதான். ஆனால் காலையில் போட்டி போட்டுக் கேள்வி கேட்ட பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கேட்டான்: "சேர், போட்டோக் கொப்பி எடுக்கிறதும் களவா?" "அனுமதி இல்லாம எடுத்தா எல்லாம் களவுதான்" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. அதே சட்டம் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. சட்டப்படி வந்த ஒரு பிரதியிலிருந்து தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம். முழுப் புத்தகத்தையோ அதன் பெரும்பகுதியையோ போட்டோக் கொப்பி அடிக்க முடியாது, மென்பொருளுக்கும் இந்தச் சலுகை இல்லை. எழுதியவரின் பெயரைச் சொல்லி அளவாக மேற்கோள் காட்டலாம். இலாபம் நோக்காத பாடசாலையில் வகுப்பில் படிப்பிக்கக் கட்டுரையையோ சிறு பகுதியையோ பிரதி செய்யலாம். காசு வாங்கி நடத்தும் ரியூசன் வகுப்பில், யாரோ எழுதிய புத்தகத்திலிருந்து உருவிப் பாடக்குறிப்பு (டியூட்) அடித்து விற்பது இதற்குள் வராது. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருக்கும் விடயம் இது. கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஒரு துணைநூல் வாங்குவதென்றால் வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சட்டம் எதைத் தந்திருக்கிறது என்பதை மறைத்துத் தண்டனையை மட்டும் சொல்வது அநியாயம்.

இன்னொரு குறை, கொடுத்த கையேடு. அதிலுள்ள படங்கள் ஒன்றிலும் யாருடையது என்று இல்லை. பதிப்புரிமை பற்றிய கையேட்டில் இது பெரிய பிழை. அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள்.

எதைத் தாராளமாக எடுக்கலாம் என்பதும் விடுபட்டுப்போனது. அடுத்த கிழமை நூலக வேளையில் நானே சொன்னேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் இலவசமாக இறக்கலாம். இலவசம் என்பதால் அச்சடித்து விற்கலாம் என்றாகாது. "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் வாசிக்கக் கிடைக்கின்றன. மைக்ரோசொப்ட் ஒபிஸின் கள்ளக் கொப்பிக்குப் பதில் இலவசமாகவே லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. எழுதியவர் இறந்து 70 ஆண்டுக்குப் பிறகு உரிமை முடிகிறது என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை: காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார். அவருடைய எழுத்தை இன்றைக்கு யாரும் அச்சிடலாம். "அப்ப எங்கட ஆண்டு மலரில போடலாமா டீச்சர்?" என்று உடனே கேட்டார்கள். போடலாம், கீழே அவர் பெயரோடு.

கூப்பிட நினைப்பவர்கள் அரை நாளாகக் கேளுங்கள். தருகிறார்கள், கட்டணமும் குறைகிறது. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம், படங்களைப் பார்த்து முடியாது. போன் இல்லாத பிள்ளைகளை இருப்பவர்களோடு முதலே சோடி சேர்த்துவிடுங்கள். நியாயமான பயன்பாட்டைப் பற்றி அரை மணித்தியாலம் கட்டாயம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.