சுவர் சாய்கிறது என்று டில்ட் சென்சர் பூட்ட வருவோர்: திருகோணமலை வீட்டுக்காரர் கவனத்துக்கு

உப்புவெளிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நடந்தது இது. பூட்டியவர்களின் பெயர் வேண்டாம். ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்குச் சுவரில் மயிர்வெடிப்பு. வந்தவர்கள் நாலு டில்ட் சென்சரை (சாய்வை அளக்கும் கருவி) ஒட்டிவிட்டு, இரண்டு கிழமையில் ஒரு வரைபடத்தை நீட்டினார்கள்: சுவர் 0.4 பாகை சாய்ந்துவிட்டதாம், அத்திவாரத்துக்குக் கீழே கொங்கிறீட் இறக்க வேண்டுமாம். முற்பணமும் வாங்கிவிட்டார்கள்.

0.4 பாகை என்றால் மீற்றருக்கு 7 மி.மீ. மூன்று மீற்றர்ச் சுவரின் உச்சி 21 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு கிழமையில் அவ்வளவு நகர்ந்த சுவரில் மயிர்வெடிப்போடு நிற்காது. கதவு நிலை இறுகும், பூச்சு உதிரும். தூக்குக்குண்டு கட்டி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை முதல் நாளே மேலும் கீழும் அளந்து எழுதியிருந்தால், இந்தப் பொய் அன்றே உடைந்திருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது எம்பியூ-6050, பொழுதுபோக்கு மின்சுற்றுகளில் போடும் மலிவுச் சில்லு (சிப்). 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை வெப்பம் மாறினால் அதன் சுழியமே (சாய்வில்லாதபோது காட்ட வேண்டிய பூச்சிய வாசிப்பே) 35 மில்லி-ஜி வரை தள்ளும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்கிறது. ஒரு மில்லி-ஜி, அதாவது புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.057 பாகைச் சாய்வுக்குச் சமம், ஆகவே அசையாத சுவரிலும் 2 பாகை வரை பிழை வரலாம். "0.0035 பாகை துல்லியம்" என்று அவர்கள் காட்டியது சில்லு காட்டக்கூடிய மிகச் சிறிய படி மட்டுமே. கறுப்புப் பெட்டி, பின்னேர வெயில், பூச்சின்மேல் இருபக்க ஒட்டு ரேப். வரைபடம் தினமும் மூன்று மணிக்கு ஏறி, விடியற்காலையில் இறங்குகிறது. அறிக்கைக்கு முதல் நாள் காலை வாசிப்பையும் கடைசி நாள் பின்னேர வாசிப்பையும் எடுத்துக் கழித்திருக்கிறார்கள். இது தெரியாமல் செய்த பிழை அல்ல.

பூட்டவிடுமுன் சோதியுங்கள். ஒரு மீற்றர் நேர்ச்சட்டத்தில் சென்சரை வைத்து, ஒரு நுனியின் கீழ் 1 மி.மீ. தகடு செருகினால் 0.057 பாகை காட்ட வேண்டும். எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு அசைக்காமல் ஒரு மணிநேரம் வெயிலில் விடுங்கள். 0.02 பாகைக்கு மேல் ஓடினால் திருப்பிக் கொடுங்கள்.

பூட்டும்போது பூச்சைக் கொத்தி, கொங்கிறீட்டில் 8 மி.மீ. நங்கூர ஆணி. கடற்காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். வயர் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், மேலே காற்றிடைவெளியோடு வெயில் மறைப்பு. ஒவ்வொரு வாசிப்போடும் வெப்பநிலை பதிவாக வேண்டும். ஒப்பிடுவது விடியற்காலை வாசிப்புகளை மட்டும். களிமண் நிலம் மாரியில் ஊதி வெயில் காலத்தில் சுருங்கும் என்பதால், ஒரு வருடத்துக்குக் குறைந்த கண்காணிப்பை வைத்து அத்திவாரத்தில் கைவைக்க விடாதீர்கள். வெடிப்பு வேகமாக அகன்றால் மட்டும் காத்திராமல் பட்டய எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

வீடு முழுதும் ஒரே சீராகத் தாழ்ந்தால் எந்த டில்ட் சென்சரும் பேசாது. அதற்கு உயரத்தை ஒப்பிட மட்டக்குறி வேண்டும்; வெடிப்பு அகல்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே அளவுத்தகடும் வேண்டும். வரைபடத்தோடு மூலத்தரவுக் கோப்பும் கைக்கு வரும்வரை மீதிக் காசைக் கொடுக்காதீர்கள்.