தேவிபட்டினம் ராசி கீ செயின்: சிப்பி சரி, ஆடுதான் இடிக்குது

தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற நவபாஷாணத்தைச் சுத்திட்டு வெளியே வந்தா, பாதையோரம் சிப்பிக் கடைங்க. அதுல ஒண்ணுல என் ராசிக்குக் கீ செயின் வாங்கினேன், 80 ரூபாய். திருவோணம், மகர ராசி. கடைப் பேரைப் போடலை, சின்னப் பையன் பொழைக்கிறான்.

சிப்பியில குறை இல்லை. நல்ல கனம், வழவழன்னு தீட்டியிருக்கு, விளிம்பு கையைக் கீறலை. வளையம்தான் மட்டம். எங்க பாம்பன் உப்புக் காத்துக்கு நாலே நாள்ல துரு.

கண்ணாடி இல்லாம வாங்கினது என் தப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தா சிப்பியில ஆடு! கொம்பும் நாலு காலுமா முழு வெள்ளாடு. கூட ஒரு அட்டை: ‘மகரம் என்றால் ஆடு.’ அப்போ மேஷம் என்னவாம்?

திரும்பப் போய்க் கேட்டேன். “போன்ல அப்படித்தான்யா இருக்கு”ன்னான். போன்ல இருக்கிறது காப்ரிகார்ன், மகர ராசிக்கு இங்கிலீஷ் பேரு. லத்தீன்ல ஆட்டுக்கொம்புன்னு அர்த்தம். அதுவும் முழு ஆடு இல்லை. பாபிலோன்காரங்க அந்த நட்சத்திரக் கூட்டத்துல பார்த்தது, முன்பாதி ஆடு, பின்பாதி மீன். அட்டை போட்ட புண்ணியவான் வாலை அறுத்துட்டுக் காலை ஒட்டிட்டார்.

மகரம்ங்கிறது சமஸ்கிருதச் சொல், நீர்ல வாழுற பிராணி. இந்தியில மகர்னா இன்னைக்கும் முதலைதான். கோயில் தோரணத்துல தும்பிக்கையோட வாயைப் பிளந்துக்கிட்டு இருக்குமே, அதுவும் மகரம்தான். தமிழ்ல அதைச் சுறாவாக்கிட்டாங்க. மன்மதனோட மகரக்கொடி நமக்குச் சுறவக்கொடி. சூரியன் மகரத்துல நுழையுற தை மாசத்துக்குத் தனித்தமிழ்க் காலண்டர்ல சுறவம்னே பேரு. கடற்கரை ஜனங்க சுறாக் கொம்பை நட்டுச் சாமி கும்பிட்டதைப் பட்டினப்பாலை சொல்லுது. சுறாவுக்கு ஏது கொம்புன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. என் கணக்குல அது வேளா. சுறா உடம்பு, மூக்குல ரம்பம். நான் சிறுவனா இருந்தப்போ ஒண்ணு மாட்டி, அப்பா வலையை நார் நாராக் கிழிச்சுட்டுப் போச்சு. இப்போ கண்ணுல படறதே அபூர்வம், 2001லேர்ந்து பிடிக்கவும் தடை. அது துள்ளின கரையில, சிப்பி மேல போய் ஆட்டைச் செதுக்கி விக்கிறாங்க!

பையன் முகம் கோணாம புது வளையம் மாட்டிக் கொடுத்தான், காசு வாங்கலை. அதுக்காகவே நாலு ஸ்டார். ஆட்டை மாத்தித் தாடான்னதுக்கு, “மீன்தான் வேணும்னா மீனம் எடுத்துக்கங்கய்யா”ங்கிறான்.