லிப்ரே ஆபீஸா, மைக்ரோசாஃப்ட் ஆபீஸா, கூகுள் டாக்ஸா? தமிழில் வேலை செய்யும் சின்ன அலுவலகத்துக்கு ஓர் ஒப்பீடு

ஐந்தாறு கணினி, ஒரு பிரிண்டர், பெரும்பாலும் தமிழில் கடிதம், பட்டியல், அறிக்கை. பள்ளி அலுவலகமோ சிறுபத்திரிகையோ கூட்டுறவுச் சங்கமோ, அமைப்பு ஏறக்குறைய இதுதான். இங்கே திறமூல மென்பொருளா (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது; லிப்ரே ஆபீஸ் இந்த வகை), பெரிய கம்பெனி மென்பொருளா என்ற பேச்சு வந்தால் எல்லோரும் விலையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி வேறு: இன்று அடிக்கும் கோப்பு பத்து வருஷம் கழித்தும் திறக்குமா? திறக்க யாருடைய தயவு வேண்டும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணினியிலும் லிப்ரே ஆபீஸ். வரிக் கணக்கு பார்க்கும் ஒரு கணினியில் மட்டும் எக்செல். பலர் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டிய பட்டியல்களுக்கு மட்டும் கூகுள். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

தமிழ் எழுத்து: மூன்றும் ஓடும், ஆனால் அமைப்பு தெரிய வேண்டும்

‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். இதில் இன்று மூன்றையும் குறை சொல்ல முடியாது. லிப்ரே ஆபீஸில் 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் செய்கிறது. குரோம், ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் நம்பியிருப்பதும் அதே நிரலைத்தான். திறமூலம் ஒரு கரை, கம்பெனிகள் எதிர்க்கரை என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லோகித் தமிழ் எழுத்துருவைத் தந்தது ரெட் ஹேட். நோட்டோ தமிழைத் தந்தது கூகுள். இரண்டும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருக்கின்றன.

லிப்ரே ஆபீஸுக்கு மாறியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார், ‘தமிழ் ஒரு அளவில் வருகிறது, நடுவில் வரும் எண்கள் வேறு அளவில் வருகின்றன’ என்பது. காரணம் எளியது. லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்கும் பகுதியான ரைட்டர் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு எழுத்துரு வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொன்று. மேலே பட்டையில் அளவை மாற்றினால், தேர்ந்தெடுத்த பகுதியில் எந்த வகை எழுத்து இருக்கிறதோ அதற்குத்தான் மாற்றம் போய்ச் சேரும்.

சரிசெய்ய ஒருமுறை உட்கார்ந்தால் போதும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் மொழி அமைப்பு; அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வரும். அதில் டிஃபால்ட் பாரகிராஃப் ஸ்டைலை வலது கிளிக் செய்து திருத்தப் போங்கள். ஃபான்ட் பகுதியில் வெஸ்டர்ன், காம்ப்ளெக்ஸ் இரண்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு கொடுங்கள். முக்தா மலர் அல்லது கேட்டமரன் எடுத்தால் ஆங்கில எழுத்தும் அதே எழுத்துருவில் இருப்பதால் பார்வைக்கு ஒட்டும். கடைசியாக இதை டெம்ப்ளேட்டாகச் சேமித்து, இயல்பு டெம்ப்ளேட் என்று டிக் செய்துவிடுங்கள். இனி திறக்கும் ஒவ்வொரு புதிய கோப்பும் சரியாக வரும்.

வேர்டிலும் இதே இரட்டை அமைப்பு உண்டு, கொஞ்சம் மறைந்திருக்கிறது. தமிழை எடிட்டிங் மொழியாகச் சேர்த்த பிறகு கன்ட்ரோல்+டி அழுத்தினால் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற தனிப்பகுதி தெரியும். வேர்டில் செய்த கடிதம் வேறு கணினியில் தமிழ் மட்டும் சிறுத்துத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கூகுள் டாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை; ஒரு எழுத்துரு, ஒரு அளவு. இதில் கூகுளுக்கே முதல் மதிப்பெண்.

இன்னொரு சிக்கல் பக்கம் நகர்வது. லதாவும் நிர்மலா யூஐயும் விண்டோஸோடு வருபவை. லினக்ஸ் கணினியில் அவை இருக்காது என்பதால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், இரண்டு பக்கக் கடிதம் மூன்றாம் பக்கத்துக்கு ஓடும். அலுவலகத்துக்கென்று ஒரு திறந்த உரிமத் தமிழ் எழுத்துருவை முடிவு செய்து எல்லாக் கணினியிலும் நிறுவுங்கள். இந்தப் பிரச்சினை அன்றோடு தீரும். ஆங்கிலத்துக்கு லிப்ரே ஆபீஸோடு வரும் கார்லிட்டோ, கலிப்ரியின் அதே அகலத்தில் செய்யப்பட்டது. கேம்ப்ரியாவுக்கு கலேடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன். 2023-க்குப் பிறகு வேர்டில் இயல்பாக வரும் அப்டோஸுக்கு இப்படி ஓர் ஈடு கூடவே வருவதில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் அப்டோஸ் கோப்புகளை அனுப்புபவரே பிடிஎஃப் ஆக்கித் தந்தால் நல்லது.

கோப்பு எங்கே இருக்கிறது

கூகுள் டிரைவ் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்று நிம்மதியாக இருக்கும் அலுவலகங்கள் நிறைய. அந்தப் பென்டிரைவில் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளின் அளவைப் பாருங்கள். மிகச் சின்னதாக இருக்கும். அதற்குள் கடிதம் இல்லை. கூகுள் சர்வரில் உள்ள கடிதத்துக்கான இணைப்பு மட்டும்தான் இருக்கிறது. கணக்குப் பூட்டப்பட்டால் அந்தப் பென்டிரைவால் பயனில்லை. உண்மையான பேக்கப் வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட் வழியாக இறக்க வேண்டும், அல்லது ஃபைல் மெனுவில் டவுன்லோட் போய் ஓப்பன்டாக்குமென்ட் வடிவில் எடுக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஆபத்து, ஊழியரின் சொந்த ஜிமெயிலில் அலுவலகக் கோப்புகளை உருவாக்குவது. அவர் வேலையை விட்டால் கோப்பின் உரிமையும் அவரோடு போகும். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பது 2023-இல் அறிவித்த விதி. அலுவலகப் பெயரில் ஒரு கணக்கு, அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் பொறுப்பில் இருப்பவரிடம். இதற்குக் குறைந்து கூகுளைத் தொடாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கோப்பு உங்கள் கணினியில் இருக்கலாம், அந்த வகையில் மேல். ஆனால் சந்தா தீர்ந்து சலுகைக் காலமும் முடிந்தால் கணினியில் உள்ள வேர்டும் எக்செல்லும் பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே விடும், திருத்த விடாது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் பதிப்புக்கும் ஆயுள் உண்டு. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அவை இன்னும் ஓடும். ஆனால் வெளியிலிருந்து வரும் கோப்புகளை அவற்றில் திறப்பது ஆபத்து.

லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப் (ஓப்பன்டாக்குமென்ட்) 2006-இலேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தரமானது. வேர்டின் இன்றைய வடிவமும் 2008-இல் தரமானதுதான், ஆனால் பழைய வேர்டின் வழக்கங்களையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. அதனால்தான் ஒரே கோப்பை மாற்றி மாற்றி இரண்டு மென்பொருளில் சேமித்தால் பாதிப்பு வருகிறது. முதலில் அடிபடுவது மிதக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ், அட்டவணைக்குள் அட்டவணை, ஸ்மார்ட்ஆர்ட். ஒரு கோப்புக்கு ஒரு மென்பொருள்தான் சொந்தம் என்று விதி வையுங்கள். மற்றவர்களுக்குப் பிடிஎஃப் போகட்டும். லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் எடுக்கும்போது ஹைபிரிட் பிடிஎஃப் என்றொரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் மூலக் கோப்பும் உள்ளேயே போகும். பெறுபவர் சாதாரணப் பிடிஎஃபாகப் பார்க்கலாம். நீங்கள் அதையே லிப்ரே ஆபீஸில் திறந்து மறுபடி திருத்தலாம். சுற்றறிக்கைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

எக்செல்லை எங்கே விட முடியாது

சம்பளப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், கட்டணப் பதிவு எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க் தாராளமாகப் போதும். எக்செல் போலவே 10,48,576 வரிசை; எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யுனீக் போன்ற புதிய சூத்திரங்களும் 2024-இல் 24.8 பதிப்போடு வந்துவிட்டன. பெரிய கோப்பில் எக்செல்லின் வேகம் கால்க்குக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான வரிசையில் ஒன்றையொன்று நம்பியிருக்கும் சூத்திரங்கள் போட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

உண்மையான தடை மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரல். எக்செல்லின் விபிஏ மொழியில் எழுதிய எளிய மேக்ரோக்கள் கால்க்கில் ஓடும். படிவப் பெட்டிகள், ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள் வைத்த கோப்புகள் பெரும்பாலும் ஓடாது. வெளித் தரவை இழுத்துச் சீராக்கும் எக்செல்லின் பவர் குவெரி இதில் இல்லை. இது வெறும் வசதிக் குறைவு என்றால் சமாளிக்கலாம். வருமான வரித் துறையின் எக்செல் படிவங்களும் ஜிஎஸ்டியின் ஆண்டுக் கணக்குக்கான ஆஃப்லைன் கருவியும் மேக்ரோவை நம்பியிருப்பவை, மைக்ரோசாஃப்ட் எக்செல்லையே கேட்பவை. பொதுமக்கள் வரி கட்டுவதற்கு ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை வாங்கச் செய்வது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் கடைசித் தேதி அன்று அந்த வாதத்தால் ரிட்டர்ன் தாக்கலாகாது. ஒரு கணினிக்கு ஒரு உரிமம் வாங்கிவிடுங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம். அதைத் திறக்கும் ‘ஆக்டிவேட்டர்’ வழியாகத்தான் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள் சுலபமாக நுழைகின்றன.

கூகுள் ஜெயிக்கும் இடம்

பத்து ஆசிரியர்கள் ஒரே மாலையில் ஒரே பட்டியலை நிரப்ப வேண்டுமென்றால் ஷீட்ஸுக்குப் பக்கத்தில் கூட லிப்ரே ஆபீஸ் வராது. சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளும் லிப்ரே ஆபீஸை உலாவியில் ஓட்டும் கொலாபராவும் நிறுவி இதைச் செய்யலாம்தான். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியும் டாக்ஸில் நன்றாக இருக்கிறது. குரோமில் டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங், மொழி தமிழ். நிறுத்தக்குறியையும் சந்தியையும் பிறகு கையால் திருத்த வேண்டும். அடித்து முடித்ததும் இறக்கி, உங்கள் கோப்புறையில் சேர்த்துவிடுங்கள்.

யார் தீர்மானிக்கிறார்கள்

சன் நிறுவனம் 1999-இல் ஸ்டார் ஆபீஸை வாங்கி, அடுத்த ஆண்டு அதன் மூல நிரலை ஓப்பன் ஆபீஸ் என்று திறந்துவிட்டது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. போக்கு பிடிக்காத நிரலாளர்கள் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபீஸ். உரிமையாளர் மாறியும் பயனர்கள் ஒரு கோப்பையும் இழக்கவில்லை. மூடிய மென்பொருளில் இப்படிப் பிரிந்து வர வழியே கிடையாது.

ஆனால் திறமூலம் என்றால் தானாகப் பராமரிக்கப்படும் என்று அர்த்தமில்லை. லிப்ரே ஆபீஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் சமூக ஆதரவு சுமார் ஒன்பது மாதம்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதியது வரும். ஒன்பது மாதத்துக்குள் ஒருமுறையாவது எல்லாக் கணினியிலும் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2006, 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. கேரளப் பள்ளிகள், அங்கே அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் வழியாக இன்றும் லினக்ஸில் ஓடுகின்றன. கேரளத்தில் நிலைத்ததற்கு ஆசிரியர் பயிற்சியும் மலையாளப் பாடநூலோடு இணைந்த மென்பொருளும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். குறுந்தகடு கொடுத்துவிட்டு வந்தால் யாரும் மாற மாட்டார்கள்.

பழைய கோப்புகள்

மாறும் வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது. பழைய வேர்டு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். ஃபைல் மெனுவில் விசார்ட்ஸ், அதில் டாக்குமென்ட் கன்வர்ட்டர் ஒரு கோப்புறையை மொத்தமாக மாற்றித் தரும். மூலக் கோப்புறையை அழிக்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழைக் காட்டும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை மாற்றிய பிறகும் பாமினியாகத்தான் இருக்கும். அவற்றை யுனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். அப்போது ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பும் என்பதால் ஆங்கிலம் வரும் பத்திகளைத் தனியே பிரித்துவிட்டு மாற்றுங்கள்.

அவசரம் உள்ளவை பப்ளிஷர் கோப்புகள். அழைப்பிதழும் சான்றிதழும் அதில் செய்து வைத்தவர்கள் பலர். 2026 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை நிறுத்துகிறது; அதன்பின் 365 சந்தாதாரர்கள் அந்தக் கோப்புகளைத் திறக்கவே முடியாது. பப்ளிஷர் இருக்கும் கணினியில் எல்லாவற்றையும் இப்போதே பிடிஎஃப் ஆக்குங்கள். திருத்த வேண்டியவற்றை லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள். பப்ளிஷர் கோப்பையும் பேஜ்மேக்கர் கோப்பையும் அது படிக்கும். படங்களும் உரையும் வந்துவிடும், அமைப்பு அங்கங்கே கலையும். பக்கத்திலேயே பிடிஎஃபைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சரிசெய்து, டிராவின் சொந்த வடிவில் சேமியுங்கள்.