பைக்கில் ஆபீஸ் உடை: கசங்காமல் கொண்டுபோக எந்த வழி சரி?

துணியைக் கசக்குவது அழுத்தம், சூடு, ஈரம் ஆகிய மூன்றும்தான். பைக் பயணத்தில் இவை மூன்றும் ஒன்றுசேரும். போதாததற்கு அதிர்வும் உண்டு. எடுத்துப்போகும் பையின் உள்ளே துணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நாம் போட்ட மடிப்பை விட்டு வேறு இடத்தில் மடியும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நாலையும் அது எப்படிச் சமாளிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

போட்டுக்கொண்டே போவதுதான் எளிது என்று தோன்றும். காற்றோட்டமான நேரத்தில், கிட்டத்தில் இருக்கும் ஆபீசுக்குச் சட்டை பேண்டோடு போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அப்போதும் பேண்டின் இடுப்புப் பக்கமும் முழங்காலின் பின்பக்கமும் கசங்கும், கால் விளிம்பில் செயின் எண்ணெய் தெறிக்கும். கோட் என்றால் இந்த யோசனையே வேண்டாம். அதன் பின்பகுதி சீட்டில் நசுங்கும். மேலே ரைடிங் ஜாக்கெட் போட்டால் கோட்டின் தோள் அமுங்கிப்போகும். கோட்டுக்கு இடம் விட்டுத் தளர்வான ஜாக்கெட் வாங்கினால், விழும்போது முழங்கையைக் காக்க வேண்டிய பேட் இடம் மாறிவிடும். உடைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது சரியான கணக்கே இல்லை.

முதுகுப்பையில் வைப்பவர்கள்தான் அதிகம். இதன் எதிரி முதுகு வியர்வை. பையின் உட்பக்கம் சூடும் ஈரமும் ஏற, அங்கே ஒட்டியிருக்கும் சட்டை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அகப்பட்டதுபோல் தவறான மடிப்போடு படிந்துவிடும். அதனால் லேப்டாப்பை முதுகுப் பக்கமும் துணியை வெளிப்பக்கமும் வையுங்கள். பூட்டு, சார்ஜர் போன்ற கட்டியான சாமான்களை முதுகெலும்பை ஒட்டி வைக்கக் கூடாது, விழுந்தால் அவையே குத்தும். மழை உறை பையின் வெளிப்புறத்தை மட்டும்தான் மூடும், முதுகுப் பக்கம் நனையும். உள்ளே தனியாக ஒரு நீர்புகாப் பை இருந்தே ஆக வேண்டும். அதன் வாயைக் குறைந்தது மூன்று சுற்று மடித்து மூடுங்கள்.

முதுகுப்பையோ பெட்டியோ, சட்டையை மடிக்கும் விதம்தான் பாதி வேலை. இஸ்திரி போட்டவுடன் சூட்டோடு மடிக்காதீர்கள். ஹேங்கரில் 10 நிமிடமாவது ஆறட்டும். சூடும் லேசான ஈரமும் இருக்கும்போது விழுந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும், பருத்தியில் இன்னும் மோசம். பொத்தான்களைப் போட்டு, சட்டையைக் குப்புற விரித்து, காலருக்குக் கீழே சுமார் 25 செ.மீ. அகலமுள்ள கெட்டி அட்டையை வையுங்கள். இரு பக்கத்தையும் உள்ளே மடித்து, கையை நேராகக் கீழே இறக்குங்கள். கீழ் விளிம்பில் ஒரு சாண் மடித்தால் அந்தக் கோடு பேண்டுக்குள் மறைந்துவிடும். அடுத்த மடிப்பு வயிற்றுப் பக்கம் விழும். அங்கே சுருட்டிய பனியனை வைத்து மடித்தால் கூரான கோடு விழாமல் வளைவாக நிற்கும். காலருக்குள் பெல்ட்டைச் சுருட்டி வைத்தால் அது நசுங்காது. இரண்டு சட்டை என்றால் காலர்களை எதிரெதிர்த் திசையில் வையுங்கள், அடுக்கு மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும்.

சீட்டுக்குப் பின்னால் கேரியரில் பொருத்தும் பெட்டியான டாப் பாக்ஸ்தான் எங்கள் முதல் தேர்வு. உடலின் சூடும் வியர்வையும் துணியை அண்டாது, மேலிருந்து அழுத்தவும் எதுவும் இல்லை. குறை ஒன்று உண்டு: காலி இடம் இருந்தால் துணி உள்ளே ஆடும். துண்டை வைத்து இடைவெளியை நிரப்புங்கள். அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டுக்கென்று வளைவாகச் செய்த சின்னப் பெட்டியில் அட்டை கிடையாகப் படுக்காது. பெட்டியிலும் கேரியரிலும் குறித்திருக்கும் எடை வரம்பை மீறாதீர்கள். பின்னால், உயரத்தில் பாரம் ஏறினால் முன்சக்கரத்தின் பிடி குறையும். கறுப்புப் பெட்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் துணியை உள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது.

பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் சைடு பாக்ஸும் நல்லதுதான். பக்கவாட்டில் திறப்பதால் சாமான் சரியும், ஆகவே உள்பை தேவை. துணியால் ஆன சைடு பை என்றால் சைலன்சரிலிருந்து தள்ளி நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சூட்டில் பையே உருகும்.

ஹேங்கரோடு மடிக்கும் நீளமான கோட் பையைப் பின்சீட்டில் கட்டிப்போவது எங்களுக்கு உடன்பாடில்லை. காற்றில் படபடக்கும், கயிறு இறுகிய இடத்தில் தடம் விழும், தொங்கும் பட்டை சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஆபத்து.

கோட்டுக்குச் சரியான வழி, சுருட்டி வைக்கும் உருளைப் பை. முதலில் ஒரு தோளை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்புங்கள். மற்றத் தோளை அதற்குள் நுழையுங்கள். இப்போது லைனிங் வெளியே இருக்கும், கோட் நீளவாக்கில் பாதியாகியிருக்கும். மேலே ட்ரைகிளீனிங் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்துச் சுருட்டுங்கள். துணி துணியோடு உரசாமல் வழுக்கிக்கொள்ளும், கோடு விழாது. உருளை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது, நடுவில் உள்ளாடையையும் சாக்ஸையும் வைக்கலாம். பேண்டை மடிப்புக் கோடு சேரும்படி வைத்து இதே மாதிரி சுருட்டுங்கள்.

இடம் கொடுக்கும் ஆபீஸ் என்றால், கோட்டும் ஷூவும் பெல்ட்டும் அங்கேயே இருக்கட்டும். கோட்டுக்கு அகலத் தோளுள்ள ஹேங்கர் போதும். கம்பளி கோட் தொங்கவிட்டாலே லேசான சுருக்கத்தைத் தானாக விட்டுவிடும். தினமும் தூக்கிப்போக வேண்டியது ஒரு சட்டை மட்டும்தான். அதில் ஏதாவது சுருக்கம் மிஞ்சினால், லேசாகத் தண்ணீர் தெளித்துக் கையால் இழுத்து நீவித் தொங்கவிடுங்கள். வந்த வேகத்தில் உடை மாற்றாமல் வியர்வை அடங்கும்வரை பொறுத்தால், அதற்குள் சட்டையும் காய்ந்திருக்கும்.