ஆடியா, புரட்டாசியா, மார்கழியா? போர்டு கேம் மாநாட்டுக்கு நாள் குறித்த கதை

கல்யாண வீட்டார் ஒதுக்கிவைக்கும் மாதங்கள்தான் எங்களுக்கு முகூர்த்தம். சென்னையில் நூறு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து போர்டு கேம் ஆட வேண்டுமென்றால், கல்யாண மண்டபத்தை விட்டால் தோதான இடம் இல்லை. நட்சத்திர ஹோட்டல் ஹால் கட்டுப்படியாகாது. கல்லூரி அரங்கில் நாற்காலியைத் தரையோடு சேர்த்து அடித்திருப்பார்கள். மண்டபத்தில் பந்தி மேசை உண்டு. ஒரு பக்கம் மட்டும் இலை போடுகிற அகலம்தான். இரண்டை ஒட்டிப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழும், டைஸ் அதில்தான் போய் விழும். ஆனாலும் மேசை மேசைதான்.

ஆகவே 2026க்கான தேதியைத் தேடும்போது ஆங்கில நாட்காட்டியையும் தமிழ் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

மே மாதத்தை எடுத்த எடுப்பிலேயே அடித்துவிட்டோம். பள்ளி விடுமுறை இருக்கிறதே என்று ஒருவர் இழுத்தார். சித்திரையும் வைகாசியும் கல்யாண சீசன், போதாக்குறைக்கு அக்னி நட்சத்திரம். வியர்வைக் கையில் கார்டு பிடித்து, அது விரலோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

மிச்சம் மூன்று. ஆகஸ்ட் 15, 16 (ஆடியின் கடைசி சனி, ஞாயிறு). அக்டோபர் 2 முதல் 4 வரை (புரட்டாசி). டிசம்பர் 25 முதல் 27 வரை (மார்கழி). மூன்றிலும் கல்யாணம் குறைவு, வாடகையைப் பேசிக் குறைக்கலாம்.

மார்கழிக்குத்தான் ஓட்டு அதிகம் விழுந்தது. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது, சேர்ந்தாற்போல் மூன்று நாள். வெயில் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கவர்ச்சி சூட்கேஸ்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் அக்டோபரில் நடக்கும் ஸ்பீல் கண்காட்சியில்தான் புது கேம்கள் குவியும். அங்கிருந்து நாமே வரவழைத்தால் கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து கேமின் விலையை எட்டிப் பிடிக்கும். டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நண்பர்கள் துணிமணிகளுக்கு நடுவே இரண்டு மூன்று பெட்டிகளை அழுத்திக் கொண்டுவந்துவிடுவார்கள்.

மழைதான் பயம் என்று சொன்னவர்களுக்கு என் பதில் வேறு. 2015 வெள்ளம் டிசம்பர் முதல் வாரம், வர்தா புயல் 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். மாதக் கடைசிக்குள் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். எனக்கு உறுத்தியது ஆள் விஷயம். வந்து ஆடுகிறவர்கள் நூறு பேர் என்றால், மேசைக்கு மேசை நின்று விதிகளைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பதினைந்து பேர்தான். டி அண்டு டி (டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு) நடத்தும் கேம் மாஸ்டர் வராவிட்டால் ஐந்து பேருக்கு நாலு மணி நேரம் வேலையே இல்லை. அந்தப் பதினைந்தில் பாதிப் பேர் வருடக் கடைசி லீவைச் சேர்த்துப் போட்டு ஊருக்கோ கோவாவுக்கோ கிளம்பிவிடுகிற ஆட்கள். ஒருவர் சபா சபாவாக ஏறி இறங்குவார், கச்சேரி பாதி, கேன்டீன் பாதி.

புரட்டாசிக்கும் அதே நோய். காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை. வியாழன் மாலையே கிளாம்பாக்கத்தில் கூட்டம் நெரியும். பெங்களூரு, கோவைக்காரர்கள் இங்கே வர வசதிதான், ஆனால் சென்னைக்காரன் ஊரில் இருக்க மாட்டான். பிரியாணி ஆர்டரும் படுத்துவிடும், பாதிப் பேர் விரதம். (வெஜிடபிள் பிரியாணி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.) பெருமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள், காலாண்டு விடுமுறையை ஒட்டிய நாட்கள் என்று நல்ல பக்கங்களும் உண்டு. இரண்டாம் இடம் கொடுக்கலாம்.

ஆடிக்கு வருவோம். 2026இல் சுதந்திர தினம் சனிக்கிழமை. "ஒரு லீவு போச்சே" என்று ஐடி கம்பெனியில் எல்லோரும் புலம்பப்போகிற வருடம். எங்களுக்கு அதுதான் லாட்டரி. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று விடுமுறை. சனி, ஞாயிறு எப்படியும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் நாள் கிடைக்காததால் வெளியூர்த் திட்டம் இருக்காது. ஆக, எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

வாடகையும் இறங்கி வரும். ஆவணி பிறந்துவிட்டால் மண்டபக்காரர் போனை எடுக்கவே யோசிப்பார். ஆடியில் அவரே திருப்பி அழைக்கிறார். கல்யாணக் கணக்கில் மண்டபத்தின் ஒரு நாள் என்பது மாலை தொடங்கி மறுநாள் மதியம் வரை. எங்களுக்கோ சனி காலை முதல் ஞாயிறு இரவு வரை வேண்டும். முகூர்த்த மாதத்தில் இதை இரண்டு நாளுக்கும் மேலாகக் கணக்குப் போடுவார்கள். இந்த முறை ஒன்றரை நாள் வாடகைக்கு ஒத்துக்கொண்டார், கரண்ட் பில்லும் க்ளீனிங் சார்ஜும் தனி.

குறை இல்லாமல் இல்லை. புது கேம் எதுவும் வராது, எஸ்ஸனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அமெரிக்காவின் ஜென் கான் என்ற கேம் மாநாடு ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கம் என்று நடப்பதுதான். ஆனால் ஆகஸ்டில் அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் குறைவு. பழைய கேம்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சரி, கட்டான் என்ற போர்டு கேம் வந்தது 1995இல், இன்னும் அதற்கு மேசை நிறைகிறது.

அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், கேமில் வரும் காகிதப் பணம் எம்மாத்திரம்? போன தடவை ஏசி இல்லாத மண்டபத்தில் ஜன்னலைத் திறந்தால் கார்டு பறந்தது, சாத்திவிட்டு மின்விசிறியைப் போட்டால் அப்போதும் பறந்தது. கடைசியில் ஆளுக்கு ஐந்து ரூபாய் நாணயம் நாலு கொடுத்து அடுக்குகளின் மேல் வைக்கச் சொன்னோம். அதில் சில நாணயங்கள் ஆட்டத்தின் நடுவில் டோக்கனாகவும் மாறிவிட்டன. ஆகையால் ஏசி ஹால் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, 16 என்று முடிவு செய்து, போன வாரம் அட்வான்ஸ் கொடுக்கப் போனேன். மண்டபத்தை ஒட்டினாற்போல் ஓர் அம்மன் கோயில், வேப்பமரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர். விதி சொல்லிக்கொடுக்கும் குரல் அதைத் தாண்டிக் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம். வாட்ச்மேனிடம் ஆடிக் கடைசி ஞாயிறு கோயிலில் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன்.

"காலைல பத்து மணிக்குக் கூழு ஊத்துவாங்க சார். பாட்டு அஞ்சு மணிக்கே போட்டுடுவாங்க. எத்தன பேரு வருவீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, உங்களுக்கும் சேத்து ஊத்திடலாம்."

நூறு பேர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.