சிங்கிள் எண்டடா, டிஃபரன்ஷியலா: அனலாக் இன்புட்டை எப்படி இணைப்பது?

ஒரு சோதனை உலைக்கு 16 அனலாக் இன்புட் உள்ள டேட்டா அக்விசிஷன் போர்டு (சென்சார்களின் வோல்ட்டேஜை அளந்து கணினிக்குத் தரும் போர்டு) ஒன்றை அண்மையில் அமைத்தேன். வெப்பநிலையைச் சிறு வோல்ட்டேஜாகத் தரும் கே வகை தெர்மோகப்பிள் ஆறு, அழுத்தத்தைக் கரன்ட்டாகத் தரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் நான்கு. ஒவ்வொரு சேனலைச் சேர்க்கும்போதும் மென்பொருள் கேட்டது: சிங்கிள் எண்டடா, டிஃபரன்ஷியலா? தெர்மோகப்பிள்களுக்கு டிஃபரன்ஷியலையே எடுத்தேன். சேனல் எண்ணிக்கை பாதியாகும் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். சிங்கிள் எண்டடில் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு டெர்மினல் போதும். மைனஸ் வயர்கள் எல்லாம் போர்டின் கிரவுண்டுக்குப் போய்விடும். 16 டெர்மினல், 16 சேனல். டிஃபரன்ஷியலில் போர்டு அளப்பது பிளஸ், மைனஸ் வயர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை; இரண்டுக்கும் தனித்தனி டெர்மினல் வேண்டும் என்பதால் எட்டுதான் கிடைக்கும். சிக்னல் ஒரு வோல்ட்டுக்கு மேல், வயர் மூன்று மீட்டருக்குள், எல்லா சென்சாருக்கும் ஒரே கிரவுண்ட் என்றால் சிங்கிள் எண்டட் தாராளமாகப் போதும். அங்கே டிஃபரன்ஷியல் போடுவது டெர்மினலை வீணாக்குவதுதான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம், கிரவுண்ட். உலையின் உடலும் கிரவுண்டில்தான் இருக்கிறது, கணினியும் கிரவுண்டில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வோல்ட்டேஜில் இருப்பது காகிதத்தில் மட்டும்தான். நிஜத்தில் நடுவே சில மில்லிவோல்ட் முதல் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். இந்தத் தெர்மோகப்பிள்களின் முனை உலோக உறையோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டது. அதாவது சென்சார் ஏற்கெனவே உலையின் கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மைனஸ் வயரை போர்டின் கிரவுண்டிலும் கட்டினால் ஒரு வளையம் உருவாகி, அந்த வயர் வழியாகவே கரன்ட் ஓடும். அதனால் வயரில் விழும் வோல்ட்டேஜையும் போர்டு சிக்னலாகவே எடுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். கே வகையில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கிறது. வளையத்தால் ஒரே ஒரு மில்லிவோல்ட் சேர்ந்தாலும் 24 டிகிரி பிழை. ஐந்து மில்லிவோல்ட் என்றால் 120 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தப் பிழை 50 ஹெர்ட்ஸ் அலையாக மட்டும் இருந்தால் 20 மில்லிசெகண்டின் மடங்குகளில் சராசரி எடுத்து மென்பொருளிலேயே அடக்கிவிடலாம். நிலையான டிசி பிழைக்கு அந்த வழி இல்லை. கோடு வழுவழுப்பாக, பார்க்க அழகாக, தவறான வெப்பநிலையில் போய்க்கொண்டிருக்கும். எனக்கு இரைச்சலைவிட இதுதான் பயம்.

டிஃபரன்ஷியலில் மைனஸ் வயர் போர்டின் கிரவுண்டைத் தொடுவதில்லை, வளையமும் மூடுவதில்லை. இரண்டு வயரிலும் பொதுவாக ஏறி நிற்கும் வோல்ட்டேஜை ஆம்ப்ளிஃபையர் கழித்துவிடுகிறது. முறுக்கிய இணை வயரைப் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்தால், வழியில் ஏறும் இரைச்சலும் இரண்டு வயரிலும் கிட்டத்தட்ட சமமாக ஏறி அதேபோல் கழிந்துவிடும்.

எது தேவை என்று சந்தேகம் இருந்தால் சென்சாரைக் கட்டும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு புரோப் உலையின் உடலில், இன்னொன்று போர்டின் அனலாக் கிரவுண்ட் டெர்மினலில். ஏசி, டிசி இரண்டிலும், ஹீட்டர் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் பாருங்கள். அங்கே தெரியும் மில்லிவோல்ட்டை உங்கள் சிக்னலோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

டிஃபரன்ஷியலிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முனை உறையைத் தொடாத தெர்மோகப்பிள், பேட்டரியில் ஓடும் சென்சார் போன்றவை எந்தக் கிரவுண்டிலும் நிற்பவை அல்ல. ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டில் எப்போதும் ஓடும் சிறு கரன்ட் (பயாஸ் கரன்ட்) திரும்பிப் போக வழி இல்லாமல், ரீடிங் மெதுவாக நகர்ந்து நகர்ந்து உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் டெர்மினலிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும். அப்புறம், பொது வோல்ட்டேஜுக்கும் எல்லை உண்டு. பல போர்டுகளில் எந்த டெர்மினலும் கிரவுண்டிலிருந்து 10 அல்லது 11 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் என்றால் ஐசோலேஷன் உள்ள, அதாவது இன்புட்டை மின்தொடர்பு இல்லாமல் பிரித்து வைக்கும் போர்டுதான் வழி. எனக்கு அதில் பழக்கம் குறைவு என்பதால் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. எல்லா மைனஸும் ஒரே சென்ஸ் டெர்மினலுக்குப் போகும் மூன்றாவது முறையும் அப்படித்தான். எல்லா சென்சாரும் ஒரே இடத்தில் கிரவுண்ட் ஆகியிருந்தால் அது பொருந்தும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த முறையானாலும் ரேஞ்சை, அதாவது போர்டு அளக்கும் வோல்ட்டேஜ் எல்லையை, மறக்காதீர்கள். 16 பிட் போர்டில் ±10 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி (போர்டு பிரித்தறியும் மிகச் சிறிய மாற்றம்) 305 மைக்ரோவோல்ட், அதாவது ஏழு டிகிரிக்கு மேல். ±100 மில்லிவோல்ட் ரேஞ்ச் இருந்தால் அதே படி மூன்று மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

பெரும்பாலான போர்டுகளில் சேனலுக்குச் சேனல் முறையை மாற்றிக்கொள்ள முடிவதால் எல்லாவற்றையும் ஒரே முறையில் கட்ட வேண்டியதில்லை. என் போர்டில் 0-க்கு ஜோடி 8, 1-க்கு 9 என்று போகிறது; வேறு சிலவற்றில் 0-க்கு ஜோடி 1, எனவே மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோகப்பிள்கள் 0 முதல் 5 வரை, அவற்றின் மைனஸ் 8 முதல் 13 வரை. மிஞ்சிய 6, 7, 14, 15 நான்கிலும் டிரான்ஸ்மிட்டர்கள் சிங்கிள் எண்டடில். அவற்றின் 4-20 மில்லியாம்ப் கரன்ட் 250 ஓம் ரெசிஸ்டரில் 1 முதல் 5 வோல்ட்டாக மாறிவிடுகிறது. பவர் சப்ளையும் பக்கத்திலேயே, கிரவுண்டும் போர்டோடு ஒன்றே. அங்கே ஒரு மில்லிவோல்ட் கூடினாலும் அளவில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும்.